பின்னால் வந்தவர்தான் இடித்தார். என் இன்சூரன்ஸில் நான் ஏன் கிளைம் போட வேண்டும்?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். சிக்னலில் நின்றிருந்தீர்கள், பின்னால் வந்த கார் இடித்தது, பம்பர் போய்விட்டது. நாலு வருடக் கார், என்சிபி (கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 35 சதவீதம். இடித்தவர் 5,000 ரூபாய் தருகிறேன், 'இனி எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். தப்பு அவருடையதாக இருக்க, அவர் இன்சூரன்ஸிலிருந்து பணம் வராதா, என் என்சிபி ஏன் போக வேண்டும் என்கிறீர்கள்.

அவர் இன்சூரன்ஸிலிருந்து வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. பம்பர் அளவு சேதத்துக்கு அந்த வழியில் யாரும் போவதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். தனியார் காருக்கு அதில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை இடம் உண்டு. ஆனால் அவருடைய கம்பெனிக்கு போன் போட்டு "உங்க கஸ்டமர் என் வண்டியை இடிச்சுட்டாரு" என்று சொன்னால் செக் வராது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். சென்னையில் என்றால் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். பதினைந்தாயிரம் ரூபாய் விஷயத்துக்கு எந்த வக்கீலும் உங்களை உட்காரவைத்துப் பேச மாட்டார்.

அதனால்தான் நம் ஊரில் எல்லோரும் சொந்த பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதியில், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில், கிளைம் போடுகிறார்கள். அங்கே யார் தப்பு என்ற கேள்விக்கே வேலை இல்லை. நீங்களே போய் காம்பவுண்டுச் சுவரில் இடித்திருந்தாலும் கிடைக்கும் பணம்தான் இப்போதும் கிடைக்கும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பது வேறு விஷயங்களை: ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, குடித்திருந்தாரா, நீங்கள் சொல்லும் கதையும் வண்டியில் உள்ள அடியும் பொருந்துகிறதா. பின்னால் இடித்தார்கள் என்று எழுதிவிட்டு முன் கதவுக் கீறலையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்த்தால் அதைத்தான் முதலில் வெட்டுவார்.

ஒழுங்காக நின்றவனுக்கும் என்சிபி போகிறதே என்ற உங்கள் கோபம் நியாயம்தான். எனக்கும் அது எரிச்சல் தரும் விதி. ஆனால் என்சிபி தப்புக்காகப் போவதில்லை, கிளைம் போட்டதற்காகப் போகிறது. எனவே கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

என்சிபி தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்தின் மேல் மட்டும்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அது தொடாது. வருடா வருடம் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45 சதவீதம் கழிந்து 6,600 கட்டுவீர்கள். போட்டால் தள்ளுபடி பூஜ்யம், முழு 12,000. வித்தியாசம் 5,400. பலர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். அதற்கடுத்த வருடம் நீங்கள் 50-இல் இருந்திருப்பீர்கள், இப்போது 20-இல்தான் இருப்பீர்கள். அதில் 3,600 நஷ்டம். அதற்கடுத்து 3,000, பிறகு 1,800, கடைசியாக 600. மொத்தம் 14,400. வண்டி பழசாகப் பழசாக பிரீமியம் இறங்குவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். கிளைம் போட்டாலும் தள்ளுபடியைக் காக்கும் என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தக் கணக்கே வேறு. பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

இனி வரவுப் பக்கம். ஷோரூமில் பம்பருக்கு 9,000, பெயின்டிங்குக்கு 5,000 என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள் என்று வைப்போம். ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான், வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும். அங்கே 4,500 போச்சு. பெயின்டிங்கில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்: 625. கடைசியாக, ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரை உள்ள காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. சின்னக் கார் என்றால் 14,000 பில்லுக்கு உங்கள் கைக்கு வருவது 7,875. இதற்காக 14,400-ஐ விடுவீர்களா? ஜீரோ டெப் இருந்தாலும் 13,000தான் வரும். டிக்கி, சேஸிஸ் வரை அடி போய் பில் நாற்பது ஐம்பதாயிரத்தைத் தொட்டால் யோசிக்காமல் கிளைம் போடலாம். நடுவில் இருக்கும் தொகைக்குத்தான் பேப்பர் பேனா தேவை.

எங்கள் பக்கத்தில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். போன முறை என் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கெல்லாம் கிளைம் போடாதீங்க. பம்பரை ஹீட் பண்ணி வெளிய தள்ளிடலாம், லாக்கு உடையல. பெயின்ட் மட்டும் அடிச்சா போதும்" என்றார். ஷோரூமில் மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்ன அதே பம்பர் அது, இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் உங்களுக்கு முக்கியம்: "கழட்டிப் பாக்காம யாருக்கும் ரேட்டு சொல்லாதீங்க." பிளாஸ்டிக் பம்பர் அடி வாங்கினாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடலாம், அதற்குப் பின்னால் இருக்கிற இரும்புப் பட்டை வளைந்திருந்தால் வெளியே தெரியாது. பார்க்கிங் சென்சார் வேலை செய்கிறதா, டிக்கி கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா, டிக்கித் தரையில் ஸ்டெப்னி குழிக்குப் பக்கத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் அந்த 5,000 போதுமா என்று சொல்ல முடியும்.

இதுவரை சொன்னது தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும். மனிதருக்கு அடி பட்டிருந்தால் கதை தலைகீழ்; அங்கே தப்பு யாருடையது என்பதுதான் பெரும்பாலும் முக்கியம். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் 'சின்ன விபத்து' என்று தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு பைக்காரரைத் தட்டிவிட்டு வருகிறவர்கள். முட்டியில் சிராய்ப்புதான், ரெண்டாயிரம் கொடுத்து அனுப்பிட்டேன் என்பார்கள். மூன்றாம் நாள் தோள் எலும்பில் விரிசல் என்று ஸ்கேன் வரும். சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்கச் செய்யவும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லவும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. மூன்றையும் செய்துவிட்டால் பிறகு இழப்பீட்டு மனு வந்தாலும் பதில் சொல்வது பெரும்பாலும் கம்பெனியின் வேலை. கூட்டம் கூடி "ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்க தம்பி, முடிச்சுக்கலாம்" என்று நெருக்கினாலும் தப்பு என்னுடையது என்று எழுத வேண்டாம். கம்பெனியின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக ஒப்புக்கொள்ளவோ கூடாது என்று உங்கள் பாலிசியின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

பின்னால் இடித்தவன்தான் எப்போதும் குற்றவாளி என்ற நம்பிக்கையும் முழுசாக நிற்காது. முன்னால் போகிறவரிடமிருந்து இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதி, சரி. ஆனால் 2017-இல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு விபத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று நின்றது. மனைவி கர்ப்பிணி, குமட்டல் வந்தது என்பது ஓட்டியவர் சொன்ன காரணம். பின்னால் பைக்கில் வந்த கல்லூரி மாணவர் காரில் மோதி விழ, அவர் மேல் பேருந்து ஏறி, காலை இழந்தார். 2025-இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர் மேல் 50 சதவீதம், பேருந்து மேல் 30, மாணவர் மேல் 20 என்று பொறுப்பைப் பிரித்தது. சிக்னலில் நின்ற உங்களுக்கு இது பொருந்தாது. நடுரோட்டில் பிரேக் அடித்துவிட்டு 'பின்னால் வந்தவன் பார்த்து வந்திருக்கணும்' என்று வாதாடுகிறவர்களுக்குப் பொருந்தும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வண்டி நம்பரும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் அவர் வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதியாகியிருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். பம்பரைக் கழற்றிப் பார்த்து எஸ்டிமேட் வாங்கி, அதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தத் தொகையையே கேளுங்கள். பணத்தை ஜிபேயில் வாங்குங்கள், கையில் வேண்டாம். பில் பெரிதாகி கிளைம்தான் போடப் போகிறீர்கள் என்றால் அவரிடம் பணமும் வாங்காதீர்கள், எந்தப் பேப்பரும் எழுதாதீர்கள். உங்களுக்குக் கொடுத்ததை அவரிடம் வசூலிக்கும் உரிமை உங்கள் கம்பெனிக்கு உண்டு, அதை நீங்கள் எழுதிக் கொடுத்துக் கெடுத்தால் கிளைமே சிக்கலாகும்.

அவரிடமே முடிப்பதென்றால் 'இனி எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். தேதி, இடம், இரண்டு வண்டி எண்கள், பின்பக்க பம்பர் சேதத்துக்காக இவ்வளவு தொகை பெற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலி எதுவும் இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.