புறம்போக்குத் தீவும் பட்டா நிலமும்

கேள்வி: நானும் என் தங்கையும் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டை ஆளுக்கொரு கருவியில், ஆளுக்கொரு தீவாக ஆடி வருகிறோம். நான் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்து, ஆற்றைத் திருப்பி, தெரு அமைத்து, தீவுக்கு விளையாட்டே போடும் மதிப்பெண்ணில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டேன். அவளோ முளைத்த களையைக்கூடப் பிடுங்குவதில்லை. எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டுமாம். என் தீவை ஜவுளிக்கடை ஷோரூம் என்கிறாள். அவளுடையது வெறும் புறம்போக்கு என்று நான் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எந்த முறை சரி? மன ஓய்வுக்காக ஆடும் விளையாட்டில் இவ்வளவு மெனக்கெடுவது தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: எந்த முறை சரி என்பது கிடக்கட்டும். புறம்போக்கை வசவாக்கி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டை ஒரு நாள் புரட்டிப் பாருங்கள். கண்மாய், வாய்க்கால், களம், மந்தை, மேய்க்கால், மயானம், வண்டிப்பாதை என்று ஓர் ஊர் உயிரோடு இருப்பதற்கு வேண்டிய அத்தனையும் புறம்போக்கு என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும். தனி ஒருவர் பெயரில் பட்டா இல்லை என்பதால், கிடை போட வரும் கீதாரியின் ஆடும், அறுத்த கதிரைக் காயப்போட இடம் தேடுபவரும், நிழல் கண்டால் சீட்டுக்கட்டை எடுப்பவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அங்கே வந்து போக முடிகிறது. எனவே உங்கள் தங்கையின் தீவைப் புறம்போக்கு என்று நீங்கள் சொன்னது, நியாயப்படி பார்த்தால், அவருக்குக் கொடுத்த பட்டம். அவர் அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்தப் பத்திரிகையின் பக்க வடிவமைப்பாளருக்கும் எனக்கும் நெடுங்காலமாக நடக்கும் வழக்கும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு வெற்றிடத்தைக் கண்டால் ஆகாது. பத்திக்கும் பத்திக்கும் நடுவே விரல் அகலம் வெள்ளை தெரிந்தால், அங்கே ஒரு கொடியை ஓடவிடுவார். கொடி தனியாக இருக்கிறதே என்று அதன் மேல் ஒரு கிளியை உட்கார வைப்பார். கிளி எதையாவது பார்க்க வேண்டுமே என்று எதிரே ஒரு குத்துவிளக்கை நிறுத்துவார். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நான் எழுதிய ஒரு பதிலைச் சுற்றி நாலு புறமும் அருவி கொட்டியது. அருவிக்கு இடம் போதவில்லை என்று என் கடைசி இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். அந்த இரண்டு வரிகளில்தான் பதில் இருந்தது. கேட்டால், "பக்கம் நிறைவாக இருக்கிறது பாருங்கள், சார்" என்பார். வாசகியே, ஐந்து நட்சத்திரம் அவருக்கும் கிடைக்கும்.

இனித் தங்கையின் கட்சி. நிலத்தைத் தொடாமல் விட்டால் அங்கே இயற்கை வந்து குடியேறிவிடும் என்று அவர் நம்புகிறார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர் எவரும் இப்படி நம்பக் கூடாது. நம் பக்கத்தில் ஒரு கண்மாயைக் கவனிக்காமல் விட்டால் சீமைக் கருவேலம் வரும். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மரம். அதை வெட்டுவதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனதை அறிவீர்கள். அந்த விளையாட்டிலும் கதை வேறல்ல. சில மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பினால், தீவெங்கும் களை மண்டிக் கிடக்கும். வீட்டுக் கதவைத் திறந்தால் கரப்பான்பூச்சி ஓடும். தங்கை விரும்பும் இயற்கையின் பட்டியலில் கரப்பான்பூச்சி இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

அதுமட்டுமல்ல. இயற்கைத் தீவு என்று பலரும் படம் எடுத்துக் காட்டுவனவற்றை உற்றுப் பாருங்கள். பிடுங்கிய களையை அந்த விளையாட்டில் மறுபடியும் நடலாம். ஆகவே நெடும்புல்லை வேலியோரமாக, தற்செயலாக முளைத்தது போலத் தோன்றும்படி, ஒன்றொன்றாக நட்டிருப்பார்கள். தேய்ந்த மண்பாதை என்று நாம் நினைப்பது, 32-க்கு 32 கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியாக நிறம் வைத்து வரைந்து, தரையில் ஒட்டிய சித்திரம். கலைந்த தலைமுடி போல் தெரிவதற்காகக் கண்ணாடி முன் ஒரு மணி நேரம் நிற்பவரின் உழைப்பு அது. உங்களுடைய நேர்க்கோட்டுத் தெருவைவிட அதில் திட்டம் அதிகம். திட்டத்தை மறைக்கும் திட்டம் வேறு தனியாக வேண்டியிருக்கிறது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போய்வாருங்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 193 எக்டேர். ராசாளியும் கழுகும் வட்டமிடும் குன்றுகள், சுனைகள், பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் அங்கே உண்டு. அவற்றோடு அரசு அறிவிப்பு பெருமையாகச் சொல்லுவது, அங்குள்ள 72 ஏரிகளை. ஏரி தானாக வெட்டிக்கொள்ளாது. யாரோ மேடுபள்ளம் பார்த்து, கரை எழுப்பி, மடை வைத்து, கலுங்கு கட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு, யாருடைய திட்டத்திலும் இல்லாத பறவைகள் வந்து கூடு கட்டியபோது அவற்றை விரட்டாமல் இருந்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது காரியம்தான் அரிது. ஆற்றின் கரை, மரத்தின் அடி என்று பாராமல் தளக்கல்லைப் பதித்து, வேர் மூச்சுவிடும் வட்டத்தையும் சிமெண்டால் பூசிவிட்டு, அதற்கு அழகுபடுத்துதல் என்று பெயரும் வைக்கும் காலம் இது. இதைப் பற்றி எழுதாத இதழ் இல்லை என்று வாசகர்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். தளக்கல் சலித்துப் போகட்டும், நானும் நிறுத்துகிறேன்.

தீவுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வெளியான இந்த விளையாட்டைச் செய்தவர்கள் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். தீவில் இறங்கிய அன்றே ஆற்றைத் திருப்பும் உரிமையைத் தரவில்லை. முதலில் கழியை ஊன்றி ஆற்றைத் தாண்ட வேண்டும், ஏணி சாத்தி மேட்டில் ஏற வேண்டும். எந்த மேட்டில் எந்தப் பூ இருக்கிறது என்று காலால் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று நட்சத்திரம் எட்டி, கே.கே. ஸ்லைடர் என்னும் நாய் கித்தாரோடு வந்து பாடிவிட்டுப் போன பிறகுதான் நிலத்தை வெட்டவும் நிரப்பவும் அனுமதி கிடைக்கிறது. அப்போதும் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களையும் ஊர் அலுவலகத்தையும் நகர்த்த முடியாது. வாழ்ந்து பார்த்த பிறகே வரைபடம் என்னும் இந்த ஒழுங்கு, நம் ஊர்களுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கும் பொருந்தினால் எத்தனை கண்மாய் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வரிசை விளையாட்டுகளைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான கட்சுயா எகுச்சி, வேலைக்காகச் சிபாவிலிருந்து கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தபோது, குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டு வந்த தனிமையிலிருந்தே இதற்கான எண்ணம் பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். 2001-இல் ஜப்பானில் முதல் விளையாட்டு வந்தது. ஆக, மையம் அலங்காரம் அல்ல, அண்டை வீட்டார். உங்கள் தீவிலும் பேசும் விலங்குகள் பத்துப் பேர் வரை குடியிருக்கலாம். அவர்கள் நின்று பேச, உட்கார, பூச்சி துரத்த இடம் இருக்கிறதா என்பதை எண்ணிப் பாருங்கள்.

என் அளவுகோல் அதனால் உங்கள் இருவருடையதும் அல்ல. உங்கள் தீவில் நீங்கள் வைக்காத ஏதேனும் ஒன்று நாளை காலையில் முளைக்க முடியுமா? பாதை போட்ட தரையில் களை வராது, பூவும் பரவாது. புதைபடிவங்கள் நாள்தோறும் மண்ணுக்குள் புதிதாக வந்து கிடக்க, வெறும் தரை வேண்டும். உடைந்த பாறை மறுபடி எழவும் சுற்றிலும் இடம் வேண்டும். பாறை தான் விரும்பிய ஒரே மூலையில்தான் எழ வேண்டும் என்பதற்காகத் தீவு முழுவதையும் பாய் விரித்தாற்போல் மூடிவைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய பொறுமையை வியக்கிறேன், குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நம்புகிறேன். தாளில் வரைந்து செய்ததில் தவறே இல்லை. மதுரையின் மாசி வீதியும் ஆவணி மூல வீதியும் அளந்து போட்டவைதான். போட்டவர் எதிர்பாராத எத்தனையோ பிழைப்பும் பந்தலும் கூட்டமும் அவற்றில் இடம் கண்டுகொண்டன.

ஓய்வில் மெனக்கெடலாமா என்ற துணைக்கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மார்கழியில் விடியுமுன் எழுந்து, மூடுபனியில் குனிந்தபடி இருபத்தொரு புள்ளிக் கோலம் போடும் பெண்ணிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. மெனக்கெடுவதே பலருக்கு ஓய்வு. தங்கைக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது ஓய்வு. இதில் வழக்கு எங்கே இருக்கிறது?

ஒன்றே ஒன்றை மட்டும் விசாரிக்க விரும்புகிறேன். ஐந்து நட்சத்திரம் பெற்ற தீவில்தான் 'லில்லி ஆஃப் த வேலி' என்னும் வெள்ளைப் பூ வரும். மற்றப் பூக்களைப் போல் அதை இனக்கலப்புச் செய்து பெருக்க முடியாது. எப்போது, எந்த இடத்தில் முளைக்கும் என்பதும் ஆடுபவர் கையில் இல்லை. களை மண்டிய தங்கையின் தீவுக்கு அது வர வாய்ப்பில்லை. உங்கள் தீவுக்கு இந்நேரம் வந்திருக்கும். அதை முளைத்த இடத்திலேயே விட்டீர்களா, அல்லது மண்வெட்டியால் பெயர்த்து வரைபடத்தில் குறித்த வரிசையில் கொண்டுபோய் நட்டீர்களா என்று அடுத்த இதழுக்கு எழுதுங்கள். தங்கையின் வழக்கில் தீர்ப்பு அதைப் பார்த்த பிறகு.