கேளுங்க, அக்கா சொல்லுதேன்: ஸ்பானிஷ் படிக்க ஒரு செமஸ்டர்

கேள்வி: அக்கா, நான் பி.காம் ரெண்டாம் வருஷம், ஆன்லைன்ல ஸ்பானிஷ் ஏ2, அதாவது ரெண்டாவது லெவல் வரைக்கும் முடிச்சிருக்கேன். ஒரு செமஸ்டர் ஸ்பெயின்ல போய் படிக்கணும்னு ரொம்ப ஆசை. அப்பா, இத்தன லட்சம் செலவழிச்சு ஒரு பாஷை படிக்கணுமா, போன்லயே படிக்கலாம்லான்னு கேக்காங்க. மாட்ரிட்ல தெரிஞ்ச மலையாளி பிள்ளைகள் மூணு பேரு ஃபிளாட் எடுத்திருக்காங்க, கூட தங்கினா செலவு குறையும். போனா நல்லா பேச வந்துருமா?
- பெயர் வேண்டாம், களியக்காவிளை

பதில்: மக்களே, உங்க அப்பா சொல்றதுல பாதி சரி. வார்த்தை, இலக்கணம், வினைச்சொல் அட்டவணை எல்லாம் வீட்ல உக்காந்தே படிச்சுரலாம், அதுக்காக யாரும் பிளைட் ஏற வேண்டாம். போன்ல வராதது ஒண்ணுதான், எதிர்ல நிக்கற ஆள் படபடன்னு சொல்றது காதுல ஏறி, யோசிக்காம வாய்ல பதில் வர்றது. அதுக்குத்தான் போகணும்.

ஆனா போனா மட்டும் வராது. நான் சாலமாங்கால ஒரு செமஸ்டர் படிச்சேன், 1218ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி அங்க இருக்கு, ஸ்பெயின்ல இன்னிக்கும் நடக்கறதுல அதுதான் பழசு. முதல் ஒன்றரை மாசம் நம்ம பிள்ளைகள்கூடத்தான் இருந்தேன், காலைல கிளாஸ், சாயங்காலம் ரூமுக்கு வந்தா சோறு, பருப்பு, மலையாளம், இங்கிலீஷ். கடையில போய் மனசுக்குள்ள பத்து தடவ சொல்லிப் பாத்துட்டு ரொட்டி கேட்டா அந்தப் பொண்ணு என் உச்சரிப்பைக் கேட்ட உடனே இங்கிலீஷ்ல பதில் சொல்லிரும், நானும் நிம்மதியா இங்கிலீஷ்க்கு மாறிருவேன். அந்த ஒன்றரை மாசம் போனது போனதுதான், இன்னும் மனசு கெடந்து அடிச்சுக்கும்.

அப்புறம் ஒரு வயசான அம்மா வீட்ல ரூம் கிடைச்சுது, அவங்களுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு, ராத்திரி சாப்பாடு பத்துக்கு. அடுப்புல லென்தேஹாஸ்னு பருப்பு வேகும், நம்ம மைசூர்ப் பருப்பு தோலோட இருக்குமே அதுதான். அவங்க கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டு நாயைப் பத்திச் சொல்லுவாங்க, நான் சொன்னது தப்புன்னா அதையே சரியாத் திருப்பிச் சொல்லிட்டு நான் மறுபடி சொல்ற வரைக்கும் கரண்டியை இறக்க மாட்டாங்க. எனக்கு ஸ்பானிஷ் வந்தது அந்த அடுக்களைலதான். அதனால மாட்ரிட் ஃபிளாட் வேண்டாம் மக்களே. மிச்சமாகற காசைவிட போறது பெருசு. இருக்கப்போறதே நாலஞ்சு மாசம்லா.

நீ களியக்காவிளைக்காரின்னா உனக்கு இது புதுசும் இல்ல. திருவனந்தபுரம் பஸ்ல ஏறி மலையாளத்துல டிக்கெட் கேட்டா கண்டக்டர் தமிழ்ல பதில் சொல்லுவாரு, நாம விடாம மலையாளத்துலயே பேசிப் பேசித்தானே பிடிச்சோம்? அங்கயும் அதேதான். இங்கிலீஷ்ல பதில் வந்தா சிரிச்சுக்கிட்டே ஸ்பானிஷ்லயே தொடரு, ரெண்டாவது வாக்கியத்துல அவங்களும் மாறிருவாங்க.

இன்னொண்ணு, தமிழ் தெரிஞ்சவளுக்கு ஸ்பானிஷ் இங்கிலீஷ்காரங்களவிட சுளுவு, இதை யாரும் உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. மே குஸ்தா எல் கஃபேன்னா அப்படியே எனக்கு காபி பிடிக்கும், நான்னு ஆரம்பிக்காம எனக்குன்னு ஆரம்பிக்குது பாரு. வந்தேன்னு சொன்னாலே நான்தான்னு தெரியற மாதிரி அங்கயும் வினையோட வால்லயே ஆள் இருக்கு. தூ, உஸ்தெத் ரெண்டும் நம்ம நீயும் நீங்களும். மஞானாவுல வர்றது ஞாயிறுல இருக்கற ஞ. பெரோன்னா ஆனால், பெறோன்னா நாய், இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் காட்ட இங்கிலீஷ் பிள்ளைகள் மாசக்கணக்கா நாக்கைச் சுழட்டும், கரியும் கறியும் வேற வேறயாச் சொல்லி வளந்த நம்ம பக்கத்து வாய்க்கு அது முதல் நாளே வந்துரும்.

வார்த்தைல மட்டும் கவனம். மலையாளத்துல வெள்ளம்னா குடிக்கற தண்ணி, தமிழ்ல ஊரை அடிச்சுட்டுப் போறது, அது மாதிரி வெக்கமா இருக்குன்னு சொல்ல இங்கிலீஷ் நெனப்புல எம்பராசாதான்னு சொல்லிராத, அதுக்கு கர்ப்பமா இருக்கேன்னு அர்த்தம்.

ஊர் தேடும்போது பார்சிலோனாவுல போர்டு, கிளாஸ் எல்லாம் நிறைய கத்தலான்ங்கற அந்தப் பக்கத்துப் பாஷைல இருக்கும்ங்கறத மனசுல வை, ஸ்பானிஷ் மட்டும் காதுல விழணும்னா சாலமாங்கா, வாயதோலித் மாதிரி ஊரு நல்லது. ஏ2வோட போகாத, அதுக்கு அடுத்த லெவல் பி1 முடிச்சுட்டுப் போ, இல்லன்னா முதல் ரெண்டு மாசம் முழிக்கறதுலயே போயிரும். தொண்ணூறு நாளுக்கு மேல தங்கணும்னா டூரிஸ்ட் விசா ஆகாது, ஸ்டூடண்ட் விசாதான். அங்க படிக்கற கிரெடிட்டை உன் காலேஜ் ஏத்துக்குமான்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் பணம் கட்டு.

கேள்வி: ஸ்பானிஷ் தெரியும்னு சர்டிபிகேட் வாங்க டேலே பரீட்சை எழுதலாமா, சியேலே பரீட்சை எழுதலாமா?
- ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: டேலே சர்டிபிகேட் காலாவதி ஆகாது, ஆனா நீங்க எழுதற லெவல்ல பாஸ் ஆகணும். சியேலே அஞ்சு வருஷம்தான் செல்லும், அதுல பாஸ் ஃபெயில் இல்ல, எடுத்த மார்க்குக்கு ஏத்த லெவலை அவங்களே சொல்லுவாங்க. ஊருக்குத் திரும்பின உடனே, காது மறக்கறதுக்குள்ள, டேலே எழுதிருங்க.

கேள்வி: பொண்ணு ஸ்பெயின் போயி ஒரு மாசம் ஆகுது. ஒண்ணும் புரியலன்னு தினம் அழுதா. ராத்திரி ஒம்பது மணிக்கு நானும் அவ அம்மாவும் ஒரு மணி நேரம் பேசித் தேத்துறோம். திரும்ப வரச் சொல்லிரலாமா?
- ஒரு அப்பா, கொழிஞ்சாம்பாறை

பதில்: வரச் சொல்லாதீங்க சார். முதல் மாசம் எல்லார் காதுக்கும் அது ஒரே இரைச்சல்தான், வார்த்தை தனித்தனியாப் பிரியவே நாளாகும். ஆனா அந்த ஒம்பது மணி போனை மாத்துங்க. இங்க ஒம்பதுன்னா இப்போ குளிர்காலத்துல அங்க சாயங்காலம் நாலரை, கூடப் படிக்கற பிள்ளைகளோட வெளிய கிளம்பற நேரத்துல உங்க பொண்ணு ரூம்ல தமிழ் பேசிக்கிட்டு இருக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணரைக்கு கூப்பிடுங்க, அங்க காலைல ஒம்பது. அவ தங்கியிருக்கற வீட்டம்மாவையும் வீடியோல வரச் சொல்லுங்க, நீங்க தமிழ்ல நலம் விசாரிங்க, அவங்க ஸ்பானிஷ்ல பதில் சொல்லட்டும், நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்றது உங்க பொண்ணா இருக்கட்டும்.