முகலாயரை எதிர்த்து நின்ற வங்க அரசர் யாராவது உண்டா?

உண்டு. ஈசா கான். நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். 1576இல் ராஜ்மகாலில் வங்காள சுல்தான் தாவூத் கான் கர்ரானி தோற்றார், வங்காளம் அக்பர் கைக்கு வந்தது என்ற ஒரு வரியோடு உங்கள் புத்தகம் முடிந்திருக்கும். நானும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

பிறகு திருப்பூரிலிருந்து வங்கதேசத்து நாராயண்கஞ்சில் ஒரு பனியன் கம்பெனிக்கு மெர்ச்சன்டைசராகப் போனேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டில், "உங்க ஊர்ல முகலாயரை எதிர்த்துச் சண்டை போட்டவங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. கட்டிங் மாஸ்டர் பதில் பேசவில்லை. வெள்ளிக்கிழமை லீவில், "வாங்க தாதா" (அண்ணா) என்று கிஷோர்கஞ்ச் பக்கம் எகாரசிந்தூருக்குக் கூட்டிப் போனார்.

ஈசா கானின் கோட்டை என்று பார்க்க மண்மேடுதான். பக்கத்தில் பழைய பிரம்மபுத்திரா. அவர் அக்கரையைக் கைநீட்டிக் காட்டினார். 1584இல் முகலாயத் தளபதி ஷாபாஸ் கான் அந்தப் பக்கம் டோக் என்ற இடத்தில் பாசறை போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். ஈசா கானின் ஆட்கள் ஆற்றங்கரையை 15 இடங்களில் வெட்டிவிட்டார்கள். பாசறைக்குள் வெள்ளம். தரையில் யாராலும் வெல்ல முடியாத குதிரைப்படைக்குச் சேற்றில் என்ன வேலை? ஈசா கானிடமோ கோசா எனும் போர்ப் படகுகள் இருந்தன. ஷாபாஸ் கான் பின்வாங்கினார். 1597இல் அக்பரின் ராஜபுத்திரத் தளபதி மான்சிங்கின் மகன் துர்ஜன் சிங் பிக்ரம்பூர் அருகே நடந்த படகுப் போரில் கொல்லப்பட்டார். அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது.

"அவர் அரசரே இல்லை, ஜமீன்தார்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சரிதான், பன்னிரு பூயான்கள் எனப்பட்ட தலைவர்களில் முதன்மையானவர், அவ்வளவே. இடையில் சமாதானம் பேசியதும் அக்பருக்குக் காணிக்கை அனுப்பியதும் உண்மை. முகலாயப் படை விலகியதும் மறுபடி எழுந்தாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தயவுசெய்து மதச் சண்டையாக்க வேண்டாம். ஈசா கான் முஸ்லிம். அவரோடு நின்ற ஸ்ரீபூர்த் தலைவர் கேதார் ராய் இந்து. எதிரே அக்பருக்காகப் படை நடத்திய மான்சிங்கும் இந்து. இதில் எங்கே கோடு கிழிப்பீர்கள்?

1599இல் சாகும்வரை ஈசா கானை அடக்க முடியவில்லை. அவர் மகன் மூசா கான் 1611இல்தான் பணிந்தார். அதற்கு ஜஹாங்கீரின் சுபேதார் (மாகாண ஆளுநர்) இஸ்லாம் கான் பெரிய படகுப்படையோடு வந்து டாக்காவிலேயே தலைநகரை வைக்க வேண்டியிருந்தது. ராஜ்மகாலுக்குப் பிறகு 35 வருடம்! அதற்கு நம் புத்தகத்தில் ஒரு வரி கூடக் கிடையாது.