கீசர் பிளக் திரும்பத் திரும்பக் கருகுவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு 2000 வாட் கீசரின் பிளக் ஓராண்டுக்குள் இரண்டாம் முறையாகக் கருகிவிட்டது. முதல் முறை கருகியபோது, இழைகள் பிரிந்து நிற்கின்றன என்று எலக்ட்ரீஷியன் ஒயர் நுனிகளில் ஈயம் பற்றவைத்து மாட்டினார். எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) ஒருமுறைகூட விழவில்லை. இன்னும் விலை கூடிய பிளக் வாங்க வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில், கருகிய பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். ஒரு பின்னின் அடியில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, அங்குள்ள ஒயரின் உறை விறைத்து, வளைத்தால் உடைகிறதா? அப்படியானால் கோளாறு அந்த ஸ்க்ரூவின் அடியில்தான்.

எலக்ட்ரீஷியன் நல்லெண்ணத்தோடுதான் ஈயம் வைத்திருக்கிறார். ஆனால் ஸ்க்ரூவுக்கு அடியில் ஈயம் கூடவே கூடாது. அது மெத்தென்ற உலோகம். அழுத்தமும் சூடும் சேர்ந்தால் நாளடைவில் நசுங்கி விலகிக்கொடுக்கும். இறுக்கமாக இருந்த ஸ்க்ரூ யாரும் தொடாமலேயே தளர்ந்துவிடும். உங்கள் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கிறது. தளர்ந்த இடத்தில் 0.3 ஓம் தடை உண்டானாலே அந்த ஒரு புள்ளியில் சுமார் 23 வாட் சூடு பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையிலுள்ள 25 வாட் ஈயம் பற்றவைக்கும் கோலைப் பிளக்குக்குள் வைத்து மூடியதற்குச் சமம் அது. மின்னோட்டம் அளவு மீறாததால் எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது.

கருகிய பகுதியைத் தாண்டி, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை ஒயரை வெட்டிவிடச் சொல்லுங்கள். உறையை உரிக்கும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. துளைக்குள் நுழையவில்லை என்று நான்கைந்து இழைகளைக் கத்தரித்துவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நுனிக்கு ஏற்றது ஃபெரூல் என்னும் சிறு செம்புக் குழல். ஒயரின் உறையில் 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ. என்று அச்சிட்டிருக்கும், அதே அளவில் கேட்டு வாங்குங்கள். அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பிடிப்பு சீராக அமையாது. ஃபெரூல் கிடைக்காவிட்டால் இழைகளை நன்றாக முறுக்கி, இரண்டாக மடித்து, துளை நிறையும்படி நுழைத்து இறுக்கலாம். ஸ்க்ரூ செம்பைத்தான் பிடிக்க வேண்டும், உறையை அல்ல. பிரிந்த ஓர் இழை பக்கத்துப் பின்னைத் தொட்டாலும் ஆபத்து. இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியே இழுத்துப் பார்க்க வேண்டும்.

எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடச் சொல்லுங்கள். கேபிளை யாராவது இழுத்துவிட்டாலும் அது கடைசியாகத்தான் கழன்று வரும்.

விலை கூடிய பிளக் தேவையில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 16 ஆம்பியர் பிளக் போதும். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்: ஸ்க்ரூ தடையின்றிச் சுழல வேண்டும், கேபிளின் வெளியுறையை அழுத்திப் பிடிக்கும் பட்டை இருக்க வேண்டும்.

சாக்கெட்டையும் கட்டாயம் மாற்றுங்கள். ஒருமுறை வெந்த சாக்கெட்டின் உள்ளே பின்னைக் கவ்வும் தகடு பிடிப்பை இழந்திருக்கும். அதில் செருகினால் புதுப் பிளக்கும் கருகும். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. மாட்டிய பின் கீசரை இருபது நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கையை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றே திரும்பக் கூப்பிடுங்கள்.