வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவருக்கு சாக்லேட் பேக்கிங் தன்னம்பிக்கை தருமா?

கேள்வி கேட்டவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். விடை தெரிந்தாலும் வகுப்பில் கை தூக்க முடிவதில்லை என்கிறார். வார இறுதியில் சாக்லேட் கேக் செய்து பழகத் தொடங்கியிருக்கிறார். இது மனத்துக்குத் தெம்பு தருமா, படிப்பு நேரத்தை விழுங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

தெம்பு தரும். எனக்குத் தந்தது. ஆனால் நான் நினைத்த வழியாக வரவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலாண்டில் எங்கள் விடுதியின் பொதுச் சமையலறையில் மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன் ஒன்று இருந்தது. அதில் நான் முதன்முதலில் செய்த பிரௌனி பிரமாதமாக வந்துவிட்டது. மேலே மெல்லிய பளபளப்பான தோல், உள்ளே ஈரப்பதத்தோடு அடர்ந்த சாக்லேட். தளம் முழுவதும் பேச்சு. அதுவரை என் பெயரே தெரியாதவர்கள்கூட வந்து பாராட்டினார்கள். இதோ தன்னம்பிக்கை வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒருத்தி, “இந்த ஞாயிறும் செய்கிறாய்தானே?” என்று கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. முதல் தட்டு ஏன் நன்றாக வந்தது என்று எனக்கே தெரியாது. தெரியாமல் வந்தது தெரியாமலே போய்விடும் அல்லவா? செய்தேன். நடுவில் கூழாகவும் ஓரத்தில் ரப்பராகவும் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் ஒரு மாதம் சமையலறைப் பக்கமே போகவில்லை. பாராட்டு எனக்குத் தந்தது பயத்தைத்தான் என்று அப்போது புரியவில்லை.

மாற்றம் தொடங்கியது ஒரு விபத்தில். அறைத்தோழியின் பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, மணி பதினொன்று இருக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை வைத்து 200 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கிக்கொண்டிருந்தேன். அழகாக உருகி, கரண்டியிலிருந்து நாடா போல இறங்கிக்கொண்டிருந்தது. அருகில் கழுவி வைத்திருந்த கரண்டியை எடுத்து ஒரு சுற்றுக் கிளறினேன். அது முழுவதும் காயவில்லை, நான் கவனிக்கவில்லை. சில நொடிகளில் பளபளப்பு போயிற்று. கரண்டியைச் சுற்றி மண் மண்ணாகத் திரண்டது. இன்னும் கிளறினேன், இன்னும் இறுகியது. ஈரக் களிமண் உருண்டையைப் போல ஒன்று கிண்ணத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அடிபிடித்துவிட்டது என்று நினைத்துக் குப்பைத்தொட்டியைத் திறந்தேன்.

தண்ணீர் பிடிக்க வந்த இறுதியாண்டு அக்கா ஒருவர், “கொட்டாதே, அதில் வெந்நீர் ஊற்று” என்றார். ஒரு துளித் தண்ணீரில் கெட்டதற்கு இன்னும் தண்ணீரா என்று எனக்குத் தோன்றியது. அவர் கெட்டிலை எடுத்து மேசைக்கரண்டியில் அளந்து ஊற்றினார். முதல் கரண்டியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் இன்னும் மோசமாகக் கட்டிதட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அவசரமே இல்லாமல் கிளறிக்கொண்டிருந்தார். மூன்றாவதில் ஓரங்கள் நெகிழ்ந்தன. நான்காவது கரண்டிக்குப் பிறகு கிண்ணத்தில் கரிய, வழவழப்பான சாஸ் இருந்தது, விளக்கு வெளிச்சம் அதில் தெரிந்தது. “பூச்சாகப் பூசினால் இனி உறையாது, கேக் மேல் ஊற்றிக்கொள்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலோடு போய்விட்டார்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாக்லேட் கெட்டதைவிட, அவர் அவ்வளவு அமைதியாக நின்றது எப்படி என்பதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் தேடிப் படித்தேன். சாக்லேட் கட்டியில் சர்க்கரையும் கோகோவும் மிக நுண்ணிய துகள்களாக, கோகோ வெண்ணெய் என்னும் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. அதில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு துளி விழுந்ததும் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு நனைந்து பாகாகிறது. அந்தப் பாகு துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. காய்ந்த மாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் கட்டிதட்டுவது போலத்தான். போதுமான அளவு தண்ணீர் சேர்ந்தால் துகள்கள் எல்லாம் தாராளமாக நனைந்து பிரிந்துவிடுகின்றன, கலவை மீண்டும் இளகுகிறது. டார்க் சாக்லேட் 100 கிராமுக்குக் குறைந்தது 30 மில்லி என்பது நம்பத்தக்க கணக்கு. அக்கா ஊற்றிய நான்கு மேசைக்கரண்டி 60 மில்லி, என் கிண்ணத்தில் இருந்தது 200 கிராம். கணக்கு அச்சாகப் பொருந்தியதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. அவருடைய நிதானத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது.

பழைய ஆய்வகக் குறிப்பேடு ஒன்றை எடுத்து அன்றே எழுதத் தொடங்கினேன். என்ன செய்தேன், என்ன வந்தது, எதைச் சந்தேகிக்கிறேன். அடுத்த முறை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். கப்பில் அளப்பதை விட்டு எடை போட ஆரம்பித்தேன். மைதாவை மெதுவாக நிரப்பினால் 120 கிராம் வரும் கப், அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வாங்கிக்கொள்ளும். அது ஒன்றே கேக்கை வறட்டிவிடும். பிறகு ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தேன். திருகில் 180 டிகிரி, உள்ளே பத்து நிமிடம் கழித்தும் 150 தான்! அரை மணி நேரம் விட்ட பிறகே 175-ஐத் தொட்டது. முதல் பிரௌனி செய்த அன்று அம்மாவோடு தொலைபேசியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதுவரை ஓவன் தானாகச் சூடாகிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை அப்படி யாரும் அழைக்கவில்லை. இரண்டாவது தட்டு கெட்டதற்கு என் கைராசி காரணமே இல்லை.

ஆனால் எனக்குத் திருப்புமுனையாக அமைந்தது ஒரு தோற்றுப்போன கேக். பேக்கிங் சோடா சேர்த்துச் செய்யும் சாக்லேட் கேக் அது. புதிதாக வாங்கிய, நிறம் கூடிய கோகோ தூளைப் போட்டேன். கேக் எழும்பாமல் தட்டையாகிவிட்டது, வாயில் வைத்தால் சோப்பு வாடை. முன்பாக இருந்தால் அழுதிருப்பேன். அன்று பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன். காரம், அதாவது புளிப்பை முறிக்கும் ஆல்கலி, சேர்த்துப் பதப்படுத்தியது என்று இருந்தது. நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் 1828-இல் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். தூளைக் காரத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறையும் அவர்கள் வழியாகவே பரவியது. அதனால்தான் அதற்கு இன்றும் டச்சு கோகோ என்று பெயர். சாதாரணக் கோகோவில் உள்ள புளிப்பு டச்சு கோகோவில் தணிந்துவிடுகிறது. சோடாவுக்கோ புளிப்பு வேண்டும், அது இருந்தால்தான் போதுமான வாயு கிளம்பி மாவு நன்றாக எழும்பும். புளிப்பு கிடைக்காத சோடா அப்படியே தங்கிச் சோப்பாக வாடையடித்தது. அந்தத் தட்டைக் கேக்கின் முன்னால் நின்றபடி, அடுத்த வாரம் பேக்கிங் பவுடர் போட வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், எனக்குப் படபடப்பே இல்லை. கேக் கெட்டிருந்தது, நான் நன்றாக இருந்தேன்.

நீங்கள் கேட்கும் தன்னம்பிக்கை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு கருத்தரங்கு வகுப்பு. உருகிய மெழுகு ஆறும் வேகத்தைப் பற்றிய என் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றது. “அது ஏன்?” என்று பேராசிரியர் கேட்டார். அதற்கு முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் தலையைக் குனிந்து “மன்னிக்கவும் ஐயா” என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். அன்று திரும்பி அந்தப் புள்ளியைப் பார்த்தேன். குறிப்பேட்டில் மூன்றாவதாக எழுதும் ‘சந்தேகம்’ நினைவுக்கு வந்தது. “உறுதியாகத் தெரியவில்லை ஐயா. வெப்பமானி பாத்திரத்தின் சுவரில் பட்டிருக்கலாம், அல்லது அந்த நேரத்தில் நான் கலக்கியிருக்கலாம். தனித்தனியாகச் செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. என் குரல் உயரவில்லை, கைகள் வழக்கம்போலச் சில்லென்றுதான் இருந்தன. ஆனால் ‘தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகும் இரண்டு வாக்கியம் பேசியிருந்தேன். அறைக்கு வந்ததும் அந்த அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அவருக்கு அந்த வெந்நீர் இரவு நினைவிலேயே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பேச்சுப் பயம் உங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது, வகுப்புக்கே போகவிடாமல் தடுக்கிறது என்றால் முதலில் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். எந்தக் கேக்கும் அதற்கு ஈடாகாது. என்னுடையது அந்த அளவுக்குப் போகாத, சாதாரணத் தயக்கம்.

படிப்பு நேரத்தைப் பொறுத்தவரை, எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பார்க்கவேண்டும். தேர்வு வாரத்தில் டெம்பரிங் பக்கம், அதாவது சாக்லேட்டை உருக்கி ஆறவைத்துப் பளபளப்பாக உறையவைக்கும் வேலையின் பக்கம், போகவே வேண்டாம். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும் தன்மை உடையது. அவற்றில் ஐந்தாவது வகை படிகம்தான் நமக்குப் பளபளப்பையும், உடைக்கும்போது ‘டக்’ என்ற ஒலியையும் தருகிறது. அதைப் பிடிக்க டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 அல்லது 28 வரை ஆறவைத்து, மறுபடி 31, 32-க்குக் கொண்டுவர வேண்டும். விடுமுறையில் ஒரு முழுப் பிற்பகலைக் கொடுத்துச் செய்து பாருங்கள், அவ்வளவு அழகான வேலை. ஆனால் நடுவில் பாடப்புத்தகம் திறக்க முடியாது.

பிரௌனி அப்படியில்லை. உங்கள் கைக்கு இருபது நிமிட வேலை, மற்றதெல்லாம் காத்திருப்பு. முதலில் ஓவனை 175 டிகிரிக்கு வைத்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். 150 கிராம் டார்க் சாக்லேட்டையும் 115 கிராம் வெண்ணெயையும் சேர்த்து, காய்ந்த கிண்ணத்தில், காய்ந்த கரண்டியால் உருக்குங்கள். இரண்டு முட்டையோடு 200 கிராம் சர்க்கரையைச் சேர்த்து, கலவை வெளுத்துத் தடிக்கும் வரை ஐந்து நிமிடம் அடியுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். மேலே வரும் அந்த மெல்லிய தோல் முட்டையில் கரைந்த சர்க்கரையால்தான் உண்டாகிறது. பிறகு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் சாக்லேட்டை ஊற்றிக் கலந்து, 90 கிராம் மைதாவையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டும் மடித்துக் கலக்குங்கள். பட்டர் பேப்பர் விரித்த 20 செ.மீ. சதுரத் தட்டில் ஊற்றி வையுங்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஒரு பல்குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈரத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். சுத்தமாக வரும் வரை காத்திருந்தால் அது பிரௌனி அல்ல, காய்ந்த கேக். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் அது வெந்துகொண்டுதான் இருக்கும்.

வெட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக வெட்டினால் பிசுபிசுத்துக் கத்தியோடு வந்துவிடும். நான் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மறுநாள் பாடத்தைப் படிப்பேன். அறை முழுக்க வாசனை இருக்கும், எழுந்து போகவும் தோன்றாது.

முதல் தட்டு எப்படி வந்தது என்று எழுதுங்கள். சரியாக வராவிட்டால் நிச்சயமாக எழுதுங்கள். படம் எடுத்துப் போடவேண்டும் என்பதில்லை. எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், உங்கள் சந்தேகம் எது, இவை போதும். சேர்ந்து பார்க்கலாம்.