கடல் பூஞ்சையிலிருந்து மருந்து

கேள்வி: கடல் பூஞ்சைகளிலிருந்து மருந்து எடுக்கலாம் என்கிறார்களே, ஒன்றாவது மருந்துக்கடைக்கு வந்திருக்கிறதா ஐயா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: வந்திருக்கிறதம்மா. டைபாய்டுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் செஃபிக்சிம் மாத்திரைக்கும், ஆஸ்பத்திரியில் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் பூர்வீகம் இத்தாலியின் சார்டீனியாத் தீவு. அங்கே காலியாரி நகரில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்துத் தண்ணீரை 1945இல் பேராசிரியர் ஜுசெப்பே புரோட்சு எடுத்துச் சோதித்தார். அதில் கிடைத்த செஃபலோஸ்போரியம் என்ற பூஞ்சை, டைபாய்டு கிருமியை வளரவிடவில்லை. (நிலத்திலும் வாழும் இனம்தான், கடலுக்கே உரியது என்று சொல்ல மாட்டேன்.)

போர் முடிந்த நேரம், வசதி போதவில்லை. 1948இல் பூஞ்சையை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டைபாய்டு கிருமியைத் தடுத்தது பெரும்பாலும் பெனிசிலின் வகைப் பொருள் ஒன்று. அதை அங்கே ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானிகள் எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும், கூடவே கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு பொருளைக் கவனித்தார்கள். அதுதான் செஃபலோஸ்போரின் சி. வீரியம் குறைவு, ஆனால் சில கிருமிகள் சுரக்கும், பெனிசிலினை உடைக்கும் நொதியால் அதை உடைக்க முடியவில்லை! அதன் மூலக்கூறின் பக்கக் கிளைகளை மாற்றி மாற்றித்தான் மருந்துகள் செய்தார்கள். முதலாவதான செஃபலோத்தின் 1964இல் வந்தது.

நீங்கள் ஆய்வுக்குப் போனால், அதே பூஞ்சையைக் கடலுப்பு சேர்த்தும் சேர்க்காமலும் வளர்த்துப் பாருங்கள். சுரக்கும் பொருட்கள் மாறக்கூடும்.