கொழுப்பை எரிக்க முடியாத குழந்தைகள்: பெற்றோரின் கேள்விகளுக்கு ஒரு குழந்தை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ‘சி8 அதிகம், எம்சிஏடி குறைபாடு இருக்கலாம்’ என்று வந்திருக்கிறது. பாப்பா நன்றாகத்தான் பால் குடிக்கிறாள்.

பதில்: இது சந்தேகம்தான், முடிவு இல்லை. எம்சிஏடி என்பது நடுத்தர நீளக் கொழுப்பை உடைக்கும் நொதி. அது குறைந்தால், எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்புத் துண்டு உடையாமல், கொழுப்பைச் சுமக்கும் கார்னிடைன் என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் தேங்கும். அதைத்தான் சி8 என்கிறார்கள். இப்படிக் கார்னிடைனோடு ஒட்டிய கொழுப்பின், அதாவது அசைல்கார்னிடைனின், அளவை மறுபடி பார்ப்பார்கள். சிறுநீரில் கரிம அமிலங்கள், அப்புறம் மரபணுச் சோதனை. முடிவு வரும்வரை நோய் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவிலும். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். பாலை மறுத்தாலோ துவண்டாலோ உடனே மருத்துவமனைக்கு.

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது, எம்சிஏடி உறுதியாகிவிட்டது. நேற்று நான்கு முறை வாந்தி. மருத்துவமனையில் சர்க்கரை 82 இருந்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரிதானா?

பதில்: இல்லை. இந்த இடத்தில்தான் குழந்தைகளை இழக்கிறோம்.

பட்டினி நீளும்போது நம் உடல் கொழுப்பை எரிக்கும். கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருள் செய்து மூளைக்கு அனுப்பும். இவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. சேமிப்பில் இருக்கும் குளுக்கோஸ் தீரும்வரை சர்க்கரை சரியாகவே காட்டும். அதற்கு முன்பே குழந்தை வாடத் தொடங்கிவிடும். நான் பார்த்த ஒரு குழந்தை, கையில் கொடுத்த பொம்மையைப் பிடிக்காமல் நழுவவிட்டான். அம்மா கூப்பிட்டால் கண் திறப்பான், உடனே மூடிக்கொள்வான். அப்போதும் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. சோர்வும் தூக்கமும்தான் அளவுகோல், மீட்டர் இல்லை.

வாய் வழியாக எதுவும் தங்காவிட்டால், ரத்த முடிவுக்குக் காத்திருக்காமல் உப்புச் சத்து சேர்த்த 10% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் ஏற்ற வேண்டும். வெறும் சலைன் போதாது. இதையெல்லாம் எழுதி உங்கள் மருத்துவர் கையெழுத்திட்ட அவசரக் கடிதம் எப்போதும் பையில் இருக்கட்டும். பணியில் இருக்கும் மருத்துவர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார், அது அவர் தவறில்லை. தயங்காமல் கடிதத்தை நீட்டுங்கள்.

கேள்வி: எம்சிடி எண்ணெய் நல்லதாமே?

பதில்: அது நடுத்தர நீளக் கொழுப்பு எண்ணெய். எம்சிஏடி குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது, அவர்களால் உடைக்க முடியாத கொழுப்பே அதில்தான் இருக்கிறது. நீண்ட சங்கிலிக் கோளாறான விஎல்சிஏடி, எல்சிஎச்ஏடி உள்ளவர்களுக்கு அதே எண்ணெய் மருந்து. பெயர் ஒன்று போலத் தெரிவதால் மற்றவர் சொன்னதைக் கேட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஏழு வயது மகள் ஓடி விளையாடினால் மறுநாள் கால் வலி, ஒருமுறை கருஞ்சிவப்பாகச் சிறுநீர். அசைல்கார்னிடைன் சோதனை நார்மல்.

பதில்: இது விஎல்சிஏடி கோளாறாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டிருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் அது மறைந்துகொள்ளும். வலி இருக்கும்போதே எடுத்த ரத்தம்தான் பேசும். அன்றைக்கு சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) அளவும் பாருங்கள்; அதற்கும் பிடிபடாவிட்டால் மரபணுச் சோதனை. சிறுநீர் மறுபடி அந்த நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை. தசை சிதைகிறது, அது சிறுநீரகத்தை அடைக்கலாம் என்று அர்த்தம்.

கேள்வி: எம்சிஏடி குழந்தை எவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருக்கலாம்?

பதில்: பொதுவாக ஆறு மாதத்திலிருந்து 8 மணி, ஒரு வயதுக்கு மேல் 10, இரண்டுக்கு மேல் 12. நலமாக இருக்கும் நாட்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு. உங்கள் குழந்தைக்கு மருத்துவர் இதைவிடக் குறைத்துச் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இது மரபணு நோய் என்பதால், அண்ணன், அக்கா இருந்தால் அவர்களையும் சோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.